கட்டிலில் இடிக்கும் கதவு

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒண்ணு. வேப்பம்பூ ரசம், மாங்காய்ப் பச்சடி, உளுந்த வடை. வசந்தாமணி சமையல்ல குறை சொல்ல ஒண்ணுமில்ல. சொன்னாலும் எடுபடாது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது ஹைதராபாத்துல இருந்து மக தாரணி போன். வாழ்த்து சொன்னா. அம்மாவோட மூட்டுவலிய விசாரிச்சா. அப்புறம், பழைய பேப்பரை எடைக்குப் போடப் போறவ மாதிரி, "அப்பா, சிறுமலை இடத்த வித்துடலாம்னு இருக்கோம். ஜூன்ல ஒருத்தர் வந்து பாக்குறார்"னு சொன்னா.

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"அவருக்கும் ஓகேதான்ப்பா."

ஆறு சென்ட். கல்யாணமான வருஷம் ரெண்டு பேரும் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு, ரெண்டு பேர் பேர்லயும் வாங்கினது. மலை மேல சின்னதா ஒரு ரூம் போட்டு லீவுக்கு வந்து தங்கணும்னு அப்ப ஒரே பேச்சு. இப்ப மாப்பிள்ளை பிரசன்னா சென்னையில, இவ ஜனவரியில இருந்து ஹைதராபாத்துல. வேலை விஷயம். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்றேன். பொங்கலுக்கு அவ மட்டும் வந்தா. கல்யாணத்துக்குக் கொடுத்த வெள்ளிக் குத்துவிளக்கு ரெண்டையும் அம்மா கையில கொடுத்து, "இங்கயே இருக்கட்டும்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. வசந்தாமணி பழைய சேலையில சுத்தி பீரோவுல வச்சா. நான் ஒண்ணும் கேக்கல.

அந்த இடம் ஒண்ணுதான் இன்னும் ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கு. அதையும் வித்துட்டா அப்புறம் என்னதான் மிச்சம்? மத்தியானம் படுத்தேன், தூக்கம் வரல. வெயில் ஜாஸ்தி.

ஏப்ரல் 16, செவ்வாய்

சம்பந்தி தட்சிணாமூர்த்தி பெரியகுளத்துல இருந்து அவரே போன் பண்ணினார். மாப்பிள்ளையோட அப்பா. ரிடையர்டு டிராயிங் மாஸ்டர். சம்பந்தியம்மா போய் ரெண்டு வருஷமாச்சு, தனியாத்தான் இருக்கார்.

"பசங்க இடத்த விக்கிறாங்களாமே சம்பந்தி. வெறும் இடமா விக்கிறத விட, மேல ஒரு சின்ன ரூம் இருந்தா நல்ல விலை போகும்னு தோணுது. நாம ரெண்டு பேரும் சும்மாதானே இருக்கோம்."

நான் அவர்கிட்ட எதைச் சொல்லலாம்னு ரெண்டு நாளா யோசிச்சு வச்சிருந்தேனோ, அதையே அவர் சொல்லிட்டார். "நீங்க சொன்னா சரிதான் சம்பந்தி"ன்னேன். விலைக்காகத்தான். வேற ஒண்ணுமில்லன்னு எனக்கு நானே எழுதி வச்சுக்கறேன்.

பாவம், பசங்க விஷயம் அவருக்குத் தெரியாது. "பசங்க பேசுறாங்களா?"ன்னு கேட்டார். "நேத்துகூட கான்பரன்ஸ் போட்டு ரெண்டு பேரும் சேர்ந்து பேசினாங்க"ன்னு அடிச்சு விட்டேன். "ஆமாமா, எங்கிட்டயும் சேர்ந்துதான் பேசினாங்க"ன்னார்.

போனை வச்சப்புறம் ஒரு சின்ன சந்தேகம். எங்கிட்டப் பேசாதவங்க அவர்கிட்ட மட்டும் எப்படி சேர்ந்து பேசினாங்க? பையன் வீடுன்னா தனி மரியாதை போல.

ஏப்ரல் 20, சனி

சம்பந்தி வந்துட்டார். வேலை முடியுற வரைக்கும் திண்டுக்கல்ல நம்ம வீட்லதான் தங்கல். காலையில முதல் பஸ்ஸுல மலைக்குப் போய், சாயங்காலம் கடைசி பஸ்ஸுல இறங்குறதா ஏற்பாடு. பையன் வீட்டுக்காரர் தங்கினா சும்மாவா, வசந்தாமணி இன்னைக்கே கேசரி, வடை, ரெண்டு கூட்டு.

பிளான் வரைஞ்சு கொண்டாந்திருக்கார். கலர் பென்சில். பத்துக்குப் பன்னெண்டு ரூம், சுத்தி மரம், கூரை மேல ஒரு மைனா. மைனாவுக்கு மூக்கு மஞ்சள், காலு மஞ்சள் எல்லாம் சரியா இருக்கு. தூணு எத்தனைன்னு மட்டும் போடல. உள்ள ஒரே கட்டில், அஞ்சடி அகலம். பத்தடி ரூமுல அஞ்சடியைக் கட்டிலே தின்னுட்டா மனுசன் எங்க நிக்கிறது? முப்பத்தொரு வருஷம் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான். எத்தனை பேர் எங்க நிக்கலாம்னு ஒரு பார்வையில சொல்லுவேன்.

வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். பொண்ணைக் கொடுத்தவன் சம்பந்திய மறுத்துப் பேசுறதாவது. "பிரமாதம் சம்பந்தி"ன்னேன். கல்யாணத்துல பந்தி போட்டதுல இருந்து நாலு வருஷமா அவர்கிட்ட நான் சொன்ன வார்த்தை மொத்தமே அஞ்சாறுதான், எல்லாமே "பிரமாதம்" ஜாதி.

ஆனா அந்தக் கட்டில், ஏனோ எனக்கும் பிடிச்சுத்தான் இருந்துச்சு.

ஏப்ரல் 24, புதன்

ஆளுக்குப் பாதி போட்டு அறுபதாயிரத்துக்குள்ள முடிக்கணும்னு பேச்சு. அதனால புதுசா ஆணியும் போல்ட்டும் மட்டும்தான். மத்ததெல்லாம் பழசு.

பழைய பஸ் உடைக்கிற கடைக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். இனி ஓடாதுன்னு கண்டம் பண்ணின பஸ்ஸோட ஜன்னல் நாலு, ஷட்டரோட, ரப்பரோட. மூணு பேர் உக்கார்ற சீட்டு ஒண்ணு. சம்பந்தி சீட்டைத் தடவிப் பார்த்து, "இதுல உக்காந்து டிக்கெட் எடுக்காம இருக்கிறது ஒரு சுகம்"னார். நான் சிரிச்சுட்டேன். மனுசனுக்குப் பேச வருது.

தரைக்கு, கான்கிரீட் போட அடியில கொடுக்குற சென்ட்ரிங் பலகை, காலுக்குத் தைலமரம், சுவருக்கு சிமெண்ட் போர்டு, கூரைக்கு ஒரு கோழிப்பண்ணையில கழட்டின தகரம். பழைய மரக்கடையில நிலையும் கதவும் சேர்த்துக் கிடைச்சது. வேப்பமரம். ஆறடி உசரம், கனம் கொன்னுரும்.

ஏப்ரல் 27, சனி

முதுகு பிடிச்சுக்கிச்சு. தைலம். சம்பந்திக்கும் அதே இடத்துல பிடிச்சிருக்கு, ஆனா ரெண்டு பேரும் சொல்லிக்கல. தைல வாசனை ரெண்டு ரூமுல இருந்தும் வருதுன்னு வசந்தாமணிதான் சொன்னா.

ஏப்ரல் 30, செவ்வாய்

பதினெட்டு வளைவும் ஏறி லாரி நின்ன இடத்துல இருந்து நம்ம இடத்துக்கு அரை கிலோமீட்டர் ஒத்தையடிப் பாதை. வாழைத்தார் சுமக்குற குதிரைதான் சாமானையும் சுமந்துச்சு. குதிரைக்காரன் சின்னழகு, நாப்பது வயசு இருக்கும். குதிரை பேர் ரோசி. ஜன்னல் ரெண்டு பக்கமும் தொங்க ரோசி நடந்து வந்ததைப் பார்த்து சம்பந்தி அப்படியே உக்காந்து படம் வரைய ஆரம்பிச்சுட்டார். நானும் சின்னழகும் நிலையைத் தோள்ல தூக்கிட்டு அவரைத் தாண்டிப் போனோம். "மெதுவா சம்பந்தி, கால் பத்திரம்"னார், தலையை நிமிர்த்தாமலே.

கோவம் வந்துச்சு. ஆனா சாயங்காலம் அந்தப் படத்தை எங்கிட்டயே கொடுத்துட்டார். குதிரைக்குப் பின்னால நிலையைச் சுமந்துக்கிட்டு நான். தொப்பை கொஞ்சம் கூடவே போட்டிருக்கார்.

மே 4, சனி

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மலை மேல வெயில் தெரியல, குழி தோண்டுறப்பத்தான் தெரியுது.

எட்டுக் குழி, எட்டுக் கால். அதுக்கு மட்டம் பாக்குறது டியூப்ல தண்ணி ஊத்தி. நான் ஒரு முனை, அவர் ஒரு முனை. தண்ணி எங்க நிக்குதோ அங்க கோடு போடணும். "உங்க பக்கம் சரியா சம்பந்தி?" "நீங்க சொல்லுங்க சம்பந்தி." "உங்களுக்குச் சரின்னா எனக்குச் சரி." "எனக்கென்ன, உங்களுக்குத் தோதா இருந்தா போதும்." அரை மணி நேரம் இப்படியே போச்சு. மரத்தடியில பீடி குடிச்சுக்கிட்டிருந்த சின்னழகு எந்திரிச்சு வந்து, டியூபைப் பாத்து அவனே எட்டுக் கோடும் போட்டுட்டுப் போயிட்டான்.

தரை மட்டும் மட்டமா அமைஞ்சிருக்கு. காரணம் சின்னழகு.

மே 10, வெள்ளி

இன்னைக்கு நிலை வச்சாச்சு. வளர்பிறை, வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதுக்குள்ள வைக்கணும். வசந்தாமணியும் மலைக்கு வந்திருந்தா. நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, மாவிலை கட்டி, அடியில நவதானிய முடிச்சும் போட்டா. பஸ் ஒன்பதேமுக்காலுக்குத்தான் வந்து நின்னுச்சு. நடந்து வந்து பூசி முடிக்கவே பத்து இருபது. அவசரத்துல தூக்கி நிறுத்தி, போல்ட்டை முறுக்கிக் கதவை மாட்டினோம். பத்து இருபத்தெட்டு. சூடம் காட்டிக் கும்பிட்டோம்.

கும்பிட்டுக் கண்ணைத் திறந்தப்பத்தான் பார்த்தேன். நிலை உள்ளது வெளிய, வெளியது உள்ள. கதவு வெளிப்பக்கம் திறக்கணும். உள்பக்கம் திறக்குது.

சம்பந்தியைப் பார்த்தேன். அவரும் கதவைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார். பூஜை பண்ணி வச்ச நிலையை அசைக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதுவும் பசங்க வாழப் போற எடத்துல. விக்கப் போற எடம்னு எழுத வந்தேன்.

"பிரமாதமா அமைஞ்சிருச்சு சம்பந்தி"ன்னார்.

"உங்க கை ராசி"ன்னேன்.

வசந்தாமணி எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா.

மே 14, செவ்வாய்

கட்டில் ரெடி. கதவை ஒட்டின சுவரோரமா, தலைமாட்டு ரெண்டு மூலையையும் ரூம் காலோடயே சேர்த்து போல்ட் போட்டாச்சு, இனி யானை வந்தாலும் அசையாது. கதவைத் திறந்து பார்த்தோம். கட்டில்ல டொக்குன்னு இடிச்சு நின்னுருச்சு. ஒண்ணரைச் சாண் திறக்குது.

சம்பந்தி கொஞ்ச நேரம் அந்த ஒண்ணரைச் சாணைப் பார்த்தார். அப்புறம் வயித்தை எக்கி, பக்கவாட்டுல திரும்பி, உள்ள போயிட்டார். உள்ள இருந்து, "காத்தோட்டமா இருக்கு சம்பந்தி"ன்னார். பின்னாலயே நானும் எக்கிக்கிட்டுப் போனேன்.

மே 17, வெள்ளி

கூரை போட்டாச்சு. பஸ் ஜன்னல் நாலும் மாட்டியாச்சு. ஷட்டரை ஏத்தினா எதிர்மலை மொத்தமும் தெரியுது. என் சர்வீஸ்ல இத்தனை ஜன்னல் பார்த்திருக்கேன், ஒண்ணு வழியாவும் இப்படி உக்காந்து வெளிய பார்த்ததில்ல.

மெத்தை கதவு வழியா போகல. ஜன்னல் வழியா திணிச்சோம். பஸ் சீட்டு எதுலயுமே போகல, வெளிய வாசல்ல போட்டாச்சு. "வெளிய இருக்கிறதுதான் அழகு"ன்னு நான் சொன்னேன். "நானும் அதைத்தான் நினைச்சேன்"னு அவர் சொன்னார். சின்னழகு எங்களையும் கதவையும் பார்த்துட்டு, "ஏன் கண்டக்டரய்யா, வெளிப்பக்கமா திறக்குற மாதிரி வச்சிருக்கலாம்ல?"ன்னான். ரெண்டு பேரும் ஒண்ணா அவன் பக்கம் திரும்பி முறைச்சதுல ரோசியைப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டான்.

வீட்ல இன்னைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பணியாரம், குருமா, சேமியா பாயசம். இருபத்தெட்டு நாளா விருந்து. வசந்தாமணி பாத்திரத்தை வைக்கிற சத்தம் ஒருமாதிரியா இருக்கு.

மே 21, செவ்வாய்

நிதானமா எழுதணும்.

மத்தியானம் மூணு மணிக்கு மழை. கோடை மழை, சொல்லாம கொள்ளாம வந்துருச்சு. ரெண்டு பேரும் ஓடி வந்தோம். கதவுகிட்ட நின்னு அவர், "நீங்க போங்க சம்பந்தி"ன்னார். "சேச்சே, நீங்க முதல்ல." "வயசுல பெரியவர் நீங்க." "ஆறு மாசம்தானே, நீங்க போங்க." தகரத்துல இருந்து தண்ணி நேரா எங்க ரெண்டு பேர் தலையில கொட்டுது. கண்ணாடி வழியா அவருக்கு ஒண்ணும் தெரியல. இன்னும் கையை நீட்டி உபசாரம் பண்ணிக்கிட்டே நிக்கிறார்.

எங்க இருந்து வந்துச்சோ தெரியல. "யோவ், உள்ள போய்யா"ன்னு கத்திட்டேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல கூட்டத்துக்குக் கத்துற குரல்.

அவர் விறைச்சுப் போயிட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழட்டினார். "எப்படிய்யா போறது?"ன்னு அவரும் கத்தினார். "ஒண்ணரைச் சாண்ல எலிதான் போகும். நிலையைத் திருப்பி வச்சது நீ."

"நானா? பிளான் போட்டது யாரு? மைனா வரையத் தெரிஞ்சவனுக்குக் கதவு எப்படித் திறக்கும்னு வரையத் தெரியலயா?"

"அன்னைக்கே தெரியும்ல உனக்கு? ஏன் வாயத் திறக்கல?"

"உனக்கும்தானே தெரியும். நீ ஏன் திறக்கல?"

"நிலையை அசைச்சு, அந்தப் புள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா யாரு பொறுப்பு?"

நான் விடல. "நிலை இருக்கட்டும். கட்டிலை ரெண்டடி குறைச்சா கதவு திறக்கும்"னேன்.

"கட்டில்ல கை வச்சே, கையை ஒடிப்பேன்"னார். சொல்லும்போதே குரல் உடைஞ்சு போச்சு. "அந்தக் கட்டிலுக்காகத்தான்யா இந்த ரூமே. ரெண்டு பேரும் ரெண்டு நாளாவது ஒண்ணா இருந்தா ஏதாவது பேசிக்க மாட்டாங்களான்னுதான். அவங்க பிரிஞ்சிருக்காங்கய்யா. உனக்குத் தெரியாது. ஜனவரியில இருந்து பேச்சே இல்ல. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நானும் அஞ்சு மாசமா..."

"எனக்குத் தெரியும்"னேன்.

"தெரியுமா?"

"வெள்ளி விளக்கைத் திருப்பிக் கொண்டாந்து கொடுத்தா. அப்பவே தெரியும்."

"அப்ப கான்பரன்ஸ் போட்டுப் பேசினாங்கன்னு சொன்னியே?"

"நீயும்தானே சொன்னே?"

மழை கொட்டிக்கிட்டே இருந்துச்சு. அவர் அந்த பஸ் சீட்டுல போய் உக்காந்தார். நானும் உக்காந்தேன். முழுசா நனைஞ்சாச்சு, அப்புறம் உள்ள போய் என்ன ஆகப்போகுது. சட்டை முனையைப் பிழிஞ்சுக்கிட்டே, "என் பையன் நல்லவன்தான். எதைக் கேட்டாலும் சரிம்பான், அவ்வளவுதான் அவன்கிட்ட குறை"ன்னார். "என் மகளும் மனசுல இருக்குறத சொல்ல மாட்டா. யாரை மாதிரியோ"ன்னேன். அழுதேன். மழையில அவருக்குத் தெரிஞ்சிருக்காது. அவரும் அழுதார், எனக்குத் தெரிஞ்சது.

வீட்டுக்கு வந்து வசந்தாமணிகிட்ட சொன்னேன். "ஒருவழியா ரெண்டு பேரும் வாயத் திறந்தீங்களா? நாளையில இருந்து ரசம் சோறுதான். எனக்கு முடியல"ன்னா. சம்பந்தி, "தாயே, அதைத்தான் முதல் நாள்ல இருந்து எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன். எனக்குப் பாயசமே ஆகாது"ன்னார். முப்பத்திரெண்டு நாளா ஒரு நாள் விடாம ரெண்டு டம்ளர் குடிச்ச மனுசன்.

மே 22, புதன்

நிலையைக் கழட்டித் திருப்பி வச்சோம். சரியா பன்னெண்டேகால், நல்ல ராகுகாலம். தட்சிணாமூர்த்திக்குக் கொஞ்சம் பயம்தான். "வாயை மூடிக்கிட்டு இருந்து கெட்டது போதும், ராகு என்ன பண்ணிருவான்?"னு சொன்னேன். அவர் நவதானிய முடிச்சை மட்டும் எடுத்துக் கண்ணுல ஒத்தி மறுபடி அடியில வச்சார். அதுல எனக்கு ஆட்சேபணை இல்ல.

கதவு வெளிப்பக்கம் முழுசா திறக்குது. ரெண்டு பேரும் மாறி மாறி ஏழெட்டு தடவை உள்ள போயிட்டு வந்தோம்.

மே 27, திங்கள்

ஒருத்தனுக்கொருத்தன் சண்டை போட்டா வேலை என்னமா ஓடுது. கூரைத் தண்ணிக்கு வாய்க்கால் தகரம் அடிச்சு, கீழ நீல டிரம் வச்சாச்சு. டிரம் கிழக்கேன்னான் அவன், மேக்கேன்னேன் நான். அவன்னு எழுதிட்டேன், இருக்கட்டும். சூரிய வெளிச்சத்துல சார்ஜ் ஏறுற லைட்டு ரெண்டு. பழப்பெட்டியை அறுத்து அலமாரி. படி மூணு. கக்கூஸுக்குத் தனியா ஒரு மறைப்பு, அதுக்குக் கதவு எந்தப் பக்கம் திறக்கணும்னு ஒன்பது மணியில இருந்து பதினோரு மணி வரைக்கும் வாக்குவாதம். சின்னழகு குதிரையைக் கட்டிப் போட்டுட்டு உக்காந்து கேட்டான். அவனுக்கு நல்ல பொழுது.

பசங்களுக்கு ஆளுக்கொரு போன் போட்டோம். நான் தாரணிக்கு, அவன் பிரசன்னாவுக்கு. இடம் வாங்குறவர் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாருங்க, ஞாயித்துக்கிழமை பகல் மட்டும் போதும்னோம். "அவருக்கு ஓகேன்னா வரேன்ப்பா"ன்னா. அந்தப் பக்கம் அவன் பையனும், "அவளுக்கு ஓகேன்னா வரேன்"னிருக்கான். ரெண்டு போனையும் வச்சுட்டு நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

ஜூன் 1, சனி

படுக்கை விரிப்பு புதுசு. அது ஒண்ணு மட்டும் கடையில வாங்கினது.

ஜூன் 2, ஞாயிறு

தாரணி நேத்தே வீட்டுக்கு வந்துட்டா. எங்களோட பஸ்ஸுல மலைக்கு வந்தா. மாப்பிள்ளை ரயில்ல வந்து, ஆட்டோ பிடிச்சு, பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தார். மெலிஞ்சிருந்தார். "சாப்பிட்டியா?"ன்னு அவ கேட்டா. "ம், நீ?"ன்னார். ரெண்டு ஆபீஸ்காரங்க லிப்டுல பாத்துக்கிட்ட மாதிரி.

சுத்திக் காட்டினோம். ஜன்னலைத் தூக்கிக் காட்டினேன். "சூப்பரா இருக்கு மாமா"ன்னார் மாப்பிள்ளை. "ரொம்ப நல்லா இருக்குப்பா"ன்னா இவ. கட்டிலைப் பார்த்துட்டு ரெண்டு பேரும் வேற வேற பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

வசந்தாமணி கட்டிக் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டு முடிச்சதும் தாரணி, "ஜூன் பத்து அந்தப் பார்ட்டி வர்றாங்க. உனக்கு டேட் ஓகேவா?"ன்னு கேட்டா. "உனக்கு ஓகேன்னா எனக்கு ஓகே"ன்னார் மாப்பிள்ளை.

அந்த நேரம் பார்த்து தட்சிணாமூர்த்தி, டிரம்மை நான் சொன்ன இடத்துல வச்சதுனாலதான் படியெல்லாம் சேறுன்னு ஆரம்பிச்சான். "யோவ், நீ போட்ட வாய்க்கால் கோணல், டிரம்மைச் சொல்றியா?"ன்னேன். "கோணலா? என் கண்ணு மட்டம்யா." "உன் கண்ணு மட்டம்னா நிலை ஏன்யா திரும்புச்சு?" தாரணி கையில இருந்த தட்டு அப்படியே நின்னுச்சு. "அப்பா, அவர் உங்க சம்பந்தி"ன்னா. "அதுக்கு? கோணலை நேருன்னு சொல்லணுமா?"ன்னேன். தட்சிணாமூர்த்தி சிரிச்சுட்டான். எனக்கும் அடக்க முடியல.

தாரணி எங்க ரெண்டு பேரையும் ஒரு மாதிரியா பார்த்தா. அப்புறம் தட்டை வச்சுட்டு உள்ள போனா. மாப்பிள்ளையும் பின்னால போனார். கதவைச் சாத்திக்கிட்டாங்க.

நாங்க வெளிய பஸ் சீட்டுல உக்காந்திருந்தோம். ஒட்டுக் கேக்கல. சிமெண்ட் போர்டு, அது பாட்டுக்குக் கேக்குது. முதல்ல முணுமுணுப்பு. அப்புறம் தாரணியோட குரல் ஏறுச்சு.

"ஹைதராபாத் வேலைக்குப் போகட்டுமான்னு கேட்டப்ப என்ன சொன்னே? உன் இஷ்டம்னே. போகாதடின்னு ஒரு வார்த்தை உன் வாயில வரல."

"சொல்லியிருந்தா, இவன் என்னைத் தடுக்குறான்னு நினைச்சிருப்ப."

"தடுத்திருக்கலாம்ல? ரயில் கிளம்புற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"நானும்தான் பார்த்தேன். நீ இறங்கலயே. விளக்கைக்கூட எடுத்துட்டுப் போயிட்ட. அதுக்கப்புறம் நான் என்னத்தைக் கேக்கிறது?"

"கேட்டிருக்கணும். கத்தியிருக்கணும். அஞ்சு மாசமா குட் மார்னிங் அனுப்பிக்கிட்டு இருந்தியே, அதுக்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்."

அதுக்கப்புறம் மாப்பிள்ளை கத்தினார். அந்தப் பையனுக்குக் கத்தத் தெரியும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். அவங்கப்பனுக்கும் இன்னைக்குத்தான் தெரியும். அம்மா செத்தப்பகூட யார்கிட்டயும் அழ முடியலன்னு கத்தினார். அது உனக்குத் தெரியவே இல்லயான்னு கத்தினார். தெரியும், ஆனா நீ கதவை மூடிக்கிட்ட, எப்படி உள்ள வர்றதுன்னு எனக்குத் தெரியலன்னு இவளும் அழுதுக்கிட்டே கத்தினா.

தட்சிணாமூர்த்தி எந்திரிச்சான். "போய் சமாதானப்படுத்துறேன். பாரு, எப்படிக் கத்துறாங்க."

அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சேன். "நாலு வருஷத்துல முதல் சண்டை. கெடுத்துறாதய்யா."

உக்காந்தான். கை ரெண்டையும் தொடைக்கு நடுவுல வச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருந்தான். உள்ள ஏதோ விழுந்து உடைஞ்ச சத்தம். டம்ளரா இருக்கும். மறுபடி பேச்சு. இந்தத் தடவை வார்த்தை புரியல. நாங்களும் புரிஞ்சுக்கப் பாக்கல.

அஞ்சு மணி இருக்கும். கதவு திறந்துச்சு. தாரணி. மூக்கெல்லாம் சிவந்து, தலைமுடி கலைஞ்சு, சின்ன வயசுல ஸ்கூல்ல அடி வாங்கிட்டு வருவாளே, அந்த மூஞ்சி.

"அப்பா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

ஒரு மாசம் தோண்டின குழி, சுமந்த மரம், போட்ட சண்டை எல்லாம் இதுக்குத்தானா. தட்சிணாமூர்த்தி என் கையைப் பிடிச்சான்.

"அஞ்சே முக்கால்"னேன்.

"அப்ப நீங்களும் மாமாவும் இப்பக் கிளம்பினாத்தான் சரியா இருக்கும். லேட் பண்ணாதீங்க. நாங்க இன்னும் பேசி முடிக்கல."

உள்ள இருந்து மாப்பிள்ளை, "இன்னும் அவ ஆரம்பிக்கவே இல்ல மாமா"ன்னார்.

"நீ சும்மா இரு"ன்னு அவ உள்ளாற பார்த்து ஒரு அதட்டு அதட்டிட்டுக் கதவைச் சாத்தினா.

நாங்க கட்டின ரூமுல இருந்து எங்களையே துரத்திட்டா. பையை எடுக்கக்கூட உள்ள விடல. ரெண்டு பேரும் அந்த ஒத்தையடிப் பாதையில ஓட்டமும் நடையுமா வந்தோம். தட்சிணாமூர்த்தி பாதியில நின்னு, "ராத்திரிக்கு அவங்களுக்குச் சாப்பாடு?"ன்னான். "பாதிப் புளியோதரையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருக்கு. போதும். பேசுறவங்களுக்குப் பசிக்காது"ன்னேன்.

பஸ்ஸுல கூட்டமே இல்ல. ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல சீட்டு கிடைச்சுது. வளைவு வளைவா இறங்கும்போது அவன் கண்ணை மூடிக்கிட்டு சிரிச்சுக்கிட்டே வந்தான். கண்டக்டர் சின்னப் பையன், வந்து டிக்கெட் கேட்டான். "மலையில யாரு வீட்டுக்கு வந்தீங்க பெரியவரே?"ன்னான்.

"எங்க பசங்க வீட்டுக்கு"ன்னேன்.